பாம்புக்காக வளரும் எலி

பிறந்து சில மணி நேரமே ஆன எலிக்குஞ்சைக் கையில் எடுத்தால், அது பால் குடித்திருக்கிறதா என்று வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். தோல் அவ்வளவு மெல்லியது. இடது விலாவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். இரைப்பையில் நிறைந்திருக்கும் பால்தான் அது. கண் திறந்திருக்காது, காதுத் துளை அடைத்திருக்கும், உடம்பில் ரோமம் கிடையாது. எடை ஐந்து அல்லது ஆறு கிராம். எலி வளர்ப்பவர்கள் காலையில் பெட்டியைத் திறந்ததும் தேடுவது இந்த வெள்ளைப் பட்டையைத்தான். எல்லாக் குஞ்சுகளிடமும் அது தெரிந்தால், தாய் நலமாக இருக்கிறாள், தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்ளவில்லை, கூட்டில் சூடு இருக்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இந்தக் குஞ்சு ஒரு பாம்புக்கு இரையாவதற்கென்றே பிறந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் ஏராளம். அவர்களிடம் அதிகம் இருப்பவை இரண்டு: அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த கார்ன் பாம்பு, மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலிருந்து வந்த பால் பைத்தான் என்னும் சிறிய மலைப்பாம்பு. இரண்டுக்குமே நஞ்சு கிடையாது. இரண்டுமே இரையை இறுக்கிக் கொன்று முழுதாக விழுங்குபவை. ஆமைக்குக் கீரை போடுவதுபோல இவற்றுக்கு எதையாவது போட்டுச் சமாளிக்க முடியாது. எலும்பு, கல்லீரல், குடல், ரோமம் என்று முழு விலங்காக உள்ளே போனால்தான் கால்சியத்திலிருந்து வைட்டமின் வரை எல்லாம் சரியாகக் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு பாம்புப் பெட்டிக்குப் பின்னாலும் எங்கோ ஓர் எலிப் பெட்டி இருந்தே தீரும். பாம்புப் பெட்டியின் வெப்பம், ஈரம், வெளிச்சம் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எலிப் பெட்டியைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. உயிர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அக்கறை அங்கேதான் முதலில் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கணக்கு எளியது. நன்கு கவனிக்கப்படும் பால் பைத்தான் 20 முதல் 30 ஆண்டு வாழும். வளர்ந்த பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஓர் எலி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 26. இருபத்தைந்து ஆண்டில் 650. ஒரு பாம்பின் வாழ்நாளுக்குள் 650 எலிகளின் வாழ்நாள் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். ஆனால் பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் பால் பைத்தான்களையும் கார்ன் பாம்புகளையும் சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி பறிமுதல் செய்திருக்கிறார்கள். கடத்தி வருபவர்கள் இருந்தால் வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்றே பொருள். வாங்குபவர்கள் அந்தப் பாம்புகளுக்கு எதையோ இரையாகப் போடவும் வேண்டும்.

இரை எலியின் பூர்வீகம் வயலோ சாக்கடையோ கிடையாது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வண்ண எலி வளர்ப்பது ஒரு மோகம். சுண்டெலி வளர்ப்போர் 1895-இல் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கமே தொடங்கினார்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற சிற்றூரில், ஆபி லாத்ராப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை 1900-ஐ ஒட்டிச் சுண்டெலி வளர்த்து விற்கத் தொடங்கினார். செல்லப்பிராணியாக விற்க நினைத்தவரிடம் ஆய்வாளர்கள் வாங்க வந்தார்கள். இன்று உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் மிக அதிகமாகப் பயன்படும் கறுப்புச் சுண்டெலி வம்சம் அவருடைய கொட்டகையிலிருந்து போனதுதான். பாம்புக்கு வளர்க்கும் சுண்டெலியும் அதே வளர்ப்பினம். அதைவிடப் பெரிய எலி, வளர்ப்புக்குப் பழகிய பழுப்பு எலி. இதனால் ஒரு நன்மை: எலியின் தேவைகளைப் பற்றி ஆய்வுக்கூடங்கள் நூறு ஆண்டுகளாகக் கற்றவை எல்லாம் இரைப் பண்ணைக்கும் அப்படியே பொருந்தும். ஆய்வுக்கூட எலிக்கு நெறிமுறைக் குழு என்று ஒன்று காவல் இருக்கிறது. பாம்புக்குப் போகும் எலிக்கு அப்படி யாரும் இல்லை.

முதலில், பாம்புக்கு உயிருள்ள எலிதான் வேண்டுமா?

பாம்பு இரையைக் கண்டுகொள்வது கண்ணால் மட்டும் இல்லை. பிளவுபட்ட நாக்கு காற்றிலுள்ள வாசனைத் துகள்களை அள்ளி, மேல்வாயில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பிடம் கொடுக்கிறது. பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் உண்டு. இரையின் உடலிலிருந்து வரும் வெப்பத்தை அவை உணர்கின்றன. இருட்டிலும் எலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாம்புக்குத் தெரிவது இதனால்தான். கார்ன் பாம்புக்கு இந்தக் குழிகள் இல்லை. அது பெரும்பாலும் வாசனையையும் அசைவையும் நம்புகிறது. ஆக, வாசனை, வெப்பம், அசைவு மூன்றும் இருந்தால் பாம்பு பாய்ந்துவிடும். வெந்நீரில் சூடாக்கி இடுக்கியில் பிடித்து மெல்ல அசைக்கும் செத்த எலியிடம் இந்த மூன்றுமே இருக்கின்றன.

பிறகு இறுக்குவது. மலைப்பாம்பு இரையை மூச்சுத் திணற வைத்துக் கொல்கிறது என்றே நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பென்சில்வேனியாவின் டிக்கின்சன் கல்லூரியில் ஸ்காட் போபாக்கும் அவருடைய குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. மயக்கமூட்டிய எலிகளின் ரத்தக் குழாயில் அளவுகருவி வைத்து, போவா பாம்பு இறுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். சில நொடிகளிலேயே தமனியில் அழுத்தம் சரிந்தது, சிரையில் ஏறியது, ரத்த ஓட்டம் நின்றது. மூச்சு முட்டி இறக்கும் வரை எலிக்கு அவகாசமே கிடைப்பதில்லை. அதே குழு 2012-இல் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. செத்த எலியின் உடலுக்குள் துடிக்கும் செயற்கை இதயம் ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். துடிப்பு இருக்கும்வரை பாம்பு விடாமல் இறுக்கியது, இடையிடையே பிடியைச் சரிசெய்து கூட்டியது. துடிப்பு நின்றதும் சீக்கிரமே தளர்த்தியது. உயிருள்ள இரையையே கண்டிராத, செத்த எலியை மட்டும் தின்று வளர்ந்த பாம்புகளும் துடிப்பை உணர்ந்து இறுக்கின.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘பார், பாம்புக்கு உயிருள்ள இரையை உணரும் திறன் இருக்கிறது, அதை அதற்கு மறுக்கக் கூடாது’ என்பது ஒரு பக்கம். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். செத்த எலியையே தின்று வளர்ந்த பாம்பிடமும் அந்தத் திறன் இருந்தது. பழக்கம் இல்லாததால் அதை இழந்துவிடவில்லை. துடிப்பு இல்லாத இரையில் அது செய்தது, குறைவாக இறுக்கிச் சக்தியை மிச்சப்படுத்தியது மட்டுமே.

விழுங்கிய பிறகு நடப்பதற்கும் எலி எப்படி இறந்தது என்பதற்கும் தொடர்பில்லை. பர்மிய மலைப்பாம்புகளில் ஸ்டீபன் செக்கர் முதலியோர் அளந்து பார்த்தவை வியப்பூட்டுபவை. பெரிய இரையை விழுங்கிய இரண்டே நாளில் இதயத்தின் எடை 40 சதவீதம் வரை கூடுகிறது. குடல் இரு மடங்காகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் பெருக்கின்றன. செரிமானம் முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றன. வாரக் கணக்கில் பட்டினி கிடந்து ஒரே நாளில் நிறையத் தின்னும் உயிருக்கு, சும்மா இருக்கும் காலத்தில் பெரிய குடலை வைத்துப் பராமரிப்பது வீண் செலவு.

உயிருள்ள எலியைப் போடுவதில் பாம்புக்குத்தான் ஆபத்து. எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதன் முன்புறம் இரும்புச்சத்து சேர்ந்து மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும், உளிபோலக் கூர்மையானது. பாம்பு தோலுரிக்கும் நாட்களில் கண்மேல் பால்போலப் படலம் படர்ந்து, பசி இல்லாமல் ஒடுங்கிக் கிடக்கும். அப்போது எலியைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தால், இரவில் அந்த எலிக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும். அது பாம்பின் முதுகைக் கொறிக்கத் தொடங்கும். பாம்பு பெரும்பாலும் எதிர்த்துத் தாக்குவதில்லை. விடிந்ததும் பார்த்தால் முதுகெலும்பு வெளியே தெரியும் அளவுக்குச் சதை போயிருக்கும். ஊர்வன மருத்துவர்கள் இத்தகைய காயங்களை நிறையப் பார்க்கிறார்கள். காட்டில் எலிக்கு ஓட வழி இருக்கிறது, பாம்புக்கு ஒதுங்க இடம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்குமே போக்கிடம் இல்லை.

இனி எலிப் பெட்டிக்குள் போவோம்.

சுண்டெலியின் கர்ப்பம் 19 முதல் 21 நாள். பெரிய எலிக்கு 21 முதல் 23. ஓர் ஈற்றுக்குச் சுண்டெலி ஆறு முதல் பன்னிரண்டு குஞ்சு போடும். குட்டி போட்ட ஒரு நாளுக்குள்ளேயே தாய் மறுபடி சினைக்கு வந்துவிடும். ஆண் அதே பெட்டியில் இருந்தால், மடியில் ஒரு கூட்டம் பால் குடிக்க, வயிற்றில் அடுத்த கூட்டம் வளரும். சந்தைக்கு இது லாபம். தாய்க்கு அடுத்தடுத்து ஓய்வில்லாத உழைப்பு. அக்கறையுள்ள வளர்ப்பாளர்கள் பிரசவத்துக்கு முன் ஆணை வேறு பெட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள்.

ஆண் எலியின் வாசனைக்குள் இருக்கும் வேதியியல் தனி அதிசயம். பெண் சுண்டெலிகளை மட்டும் கூட்டமாக வைத்தால் அவற்றின் சினைச் சுழற்சி தாறுமாறாகும் அல்லது நின்றே போகும். ஆணின் சிறுநீர் வாசனை பட்டதும் மூன்றாம் இரவில் பல பெண்கள் ஒரே சமயத்தில் சினைக்கு வந்துவிடும். 1950-களில் ஆஸ்திரேலியர் வெஸ்லி விட்டன் இதைக் கண்டார். 1959-இல் லண்டனில் ஹில்டா புரூஸ் கண்டது இன்னும் விந்தை: புதிதாக இணைசேர்ந்த பெண்ணை அறிமுகமில்லாத ஆணின் வாசனையில் வைத்தால் கர்ப்பம் தங்குவதில்லை. இது தெரியாமல் ஆணை அடிக்கடி மாற்றும் புதிய வளர்ப்பாளர்கள், ஏன் குட்டியே வரவில்லை என்று தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

குஞ்சுகள் ஒரு வாரத்தில் ரோமம் போர்த்துக்கொள்ளும், இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்று வாரத்தில் தாய்ப்பாலை விடும். பாம்பு வளர்ப்போர் வழக்கில் இவற்றுக்கு வரிசையாகப் பெயர் உண்டு. ரோமம் இல்லாதது பிங்கி, ரோமம் அரும்பியது ஃபஸ்ஸி, கண் திறந்து துள்ளத் தொடங்கியது ஹாப்பர். முட்டையிலிருந்து வந்த கார்ன் பாம்புக்குட்டிக்குச் சுண்டெலிப் பிங்கி ஒன்று போதும். பாம்பு தடிக்கத் தடிக்க இரையின் அளவும் ஏறும். பாம்பின் உடலில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவு பருமனுள்ள இரை என்பது நடைமுறைக் கணக்கு.

எலிப் பெட்டியில் முதல் எதிரி நாற்றம். மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக உடைக்கின்றன. அம்மோனியா மூச்சுக் குழாயின் உட்சவ்வை அரிக்கிறது. பெரிய எலிகளிடம் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி மூச்சுப்பாதையில் அமைதியாகக் குடியிருக்கும். அம்மோனியா ஏறினால் அது தலைதூக்கும். தும்மல், மூச்சில் கரகரப்பு, பிறகு நுரையீரல் அழற்சி. நாம் நின்றுகொண்டு முகர்வது ஒன்று, எலியின் மூக்கு தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் முகர்வது வேறு. நமக்கு மூக்கில் ஏறும் அளவு நாற்றம் வந்துவிட்டால், எலிக்கு அது எப்போதோ தாங்க முடியாத அளவைத் தாண்டியிருக்கும். படுக்கைக்கு ஆஸ்பென் மரச்சீவலோ காகிதத் துகளோ போட வேண்டும். தேவதாரு, பைன் மரச்சீவல் மணக்கும்தான். ஆனால் அந்த மணத்தைத் தரும் எண்ணெய்களே எலியின் கல்லீரலுக்குச் சுமையாகின்றன.

எலியின் மூக்கையும் கண்ணோரத்தையும் தினமும் பார்க்க வேண்டும். அங்கே செம்பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தால் ரத்தம் என்று பதறுவார்கள். அது ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஹார்டேரியன் சுரப்பி சுரக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி. நலமான எலி முன்னங்காலால் முகம் கழுவும்போது அதைத் துடைத்துவிடும். நோயோ மனஅழுத்தமோ வந்தால் சுரப்பு கூடும், துடைத்துக்கொள்ளும் ஊக்கமும் குறையும். காகிதக் கைக்குட்டையை நனைத்து ஒற்றி எடுத்தால் சிவப்புக் கறை படியும். பெட்டியின் நிலையைச் சொல்ல அந்தக் கறை ஒன்றே போதும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்டெலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியது. பண்ணை அறைகளோ பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரியில் இருக்கும், வேலை செய்யும் மனிதருக்கு அது வசதி. எட்டுப் பத்து கிராம் காகித இழையைக் கொடுத்துப் பாருங்கள். சுண்டெலி அதைப் பல்லால் கிழித்து, சுற்றிச் சுற்றி அமுக்கி, மேலே மூடிய உருண்டைக் கூடாகக் கட்டிவிடும். அந்தக் கூட்டுக்குள் அதற்குத் தேவையான வெப்பத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். தீவனச் செலவும் குறையும். ஒரே பெட்டியில் இரண்டு தாய்கள் ஈன்றால் குஞ்சுகளை ஒரே கூட்டில் சேர்த்துப் போட்டு, யார் பிள்ளை என்று பாராமல் பாலூட்டும். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் காகிதத்தைக்கூடப் போடாமல் வெறும் சீவலில் சுண்டெலியை வளர்ப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

நமக்குக் கேட்காத பேச்சும் அந்தப் பெட்டிக்குள் நடக்கிறது. நம் காது 20 கிலோஹெர்ட்சோடு நின்றுவிடும். கூட்டிலிருந்து உருண்டு விழுந்த சுண்டெலிக்குஞ்சு அதற்கு மேலே, 40-க்கும் மேற்பட்ட கிலோஹெர்ட்சில் கத்தித் தாயை அழைக்கும். தாய் ஓடிவந்து கவ்விக்கொண்டு போகும். பெரிய எலி அஞ்சும்போது 22 கிலோஹெர்ட்சை ஒட்டி நீளமாக ஒலிக்கும். விளையாடும்போது 50-ஐ ஒட்டி விட்டுவிட்டுச் சிறு ஒலிகளாக எழுப்பும். நரம்பியலாளர் யாக் பாங்க்செப் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டி இந்த மகிழ்ச்சி ஒலியைப் பதிவு செய்தார். கிச்சுகிச்சு மூட்டிய கையைத் தேடி அந்த எலிகள் திரும்பத் திரும்ப வந்தன. இரையாகப் போகும் எலிக்கும் இதே மூளைதான்.

மரணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. பண்ணைகளில் பெரும்பாலும் கரியமில வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். மூடிய பெட்டிக்குள் வாயுவை மெல்லச் செலுத்தினால் வலி தொடங்கும் அடர்த்தி வருமுன் எலி நினைவிழக்கும். ஏற்கெனவே வாயு நிறைந்த பெட்டியில் எலியைப் போட்டால், கண்ணிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தில் வாயு கரைந்து அமிலமாகி எரியும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி, நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தில் செலுத்தச் சொல்கிறது. மெல்லச் செலுத்தினாலும் எலிகள் இந்த வாயுவை வெறுத்து விலகுகின்றன என்பதால், இதைவிட நல்ல வழி வேண்டும் என்று கேட்கும் ஆய்வாளர்கள் பலர்.

பிங்கிகளின் நிலை இன்னும் கடினமானது. கருப்பையில் ஆக்சிஜன் குறைந்த சூழலில் வளர்ந்த உடல் என்பதால், பிறந்த சில நாட்கள் வரை ஆக்சிஜன் இல்லாமலும் அவை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். வளர்ந்த சுண்டெலி சில நிமிடங்களில் இறந்துவிடும் வாயுவில், அன்று பிறந்த குஞ்சு இறக்க 50 நிமிடம் வரை ஆகலாம் என்று ஆய்வுக்கூட அளவீடுகள் காட்டியிருக்கின்றன. அசைவு நின்றதும் இறந்துவிட்டதென்று நினைத்து எடுத்து உறைபெட்டியில் போட்டால், அது உள்ளே மீண்டும் மூச்சுவிடத் தொடங்கலாம். உயிரோடு வீட்டு உறைபெட்டியில் வைப்பது எந்த வயது எலிக்கும் ஏற்கத் தக்க முறை இல்லை.

நோய்கள் விஷயத்தில் எலிப் பெட்டி நம்மையும் தொடுகிறது. உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. சால்மொனெல்லா உறைநிலையில் பத்திரமாகவே இருக்கும். 2008-இலிருந்து பிரிட்டனில் நூற்றுக்கணக்கானோருக்கு வந்த சால்மொனெல்லா வயிற்றுப்போக்கு, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான உறைந்த சுண்டெலிகளிலிருந்து பரவியது என்று கண்டுபிடிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் சிறுவர்கள் அதிகம். 2012-இல் இண்டியானாவில் ஒரு பண்ணையின் ஊழியர்களுக்குச் சுண்டெலி வழி வரும் மூளைக்காய்ச்சல் வைரஸ் தொற்றியது. கர்ப்பிணிகளுக்கு அது மிக ஆபத்தானது. 2017-இல் வளர்ப்பு எலிகளிலிருந்து சியோல் வைரஸ் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் உள்ள வளர்ப்பிடங்களுக்குப் பரவி, 17 பேரைத் தொற்றியது. வைரஸைச் சுமந்த எலிகளிடம் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. உறைந்த எலியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடிய டப்பாவில் வைத்து இளக்குவது, சமையல் மேடைக்குக் கொண்டுவராதிருப்பது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது ஆகியவை அவசியம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் பாம்பே வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

ஒரே ஒரு பாம்பு வைத்திருப்பவர்கள், ‘கடையில் வாங்குவானேன், ஒரு ஜோடி எலியை நானே வளர்க்கிறேன்’ என்று நினைப்பதுண்டு. கணக்குப் போட்டால் இது சரிவராது. நடுவில் ஓய்வு கொடுத்தாலும் ஒரு பெண் எலி ஆண்டில் எண்பது குஞ்சு போட்டுவிடும். பாம்புக்கு வேண்டியது 26. மிச்சம் ஐம்பதுக்கு மேல். அவை மூன்று மாதத்துக்குள் தாமே ஈனத் தொடங்கும். இடம் போதாமல் நெருக்கடி, நெருக்கடியால் சண்டை, அம்மோனியா, நோய். ஐம்பது நூறு பாம்பு வைத்திருப்பவருக்கே எலி வளர்ப்பு பொருந்தும். மற்றவர்கள் உறைந்த எலியை வாங்குவதே எலிக்கும் நல்லது, பாம்புக்கும் நல்லது.

வாங்குமுன் பண்ணையிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும். ஒரு பெட்டிக்கு எத்தனை எலி, கூடு கட்டக் காகிதம் போடுகிறீர்களா, தாய்க்கு ஈற்றுக்கு ஈற்று எவ்வளவு இடைவெளி, பெட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? நல்ல பண்ணைக்காரர் இவற்றுக்கு யோசிக்காமல் பதில் சொல்வார், உள்ளே வந்து பார்க்கவும் அழைப்பார். கடைசியாக, பிங்கிகளை எப்படிக் கொல்கிறீர்கள், இறந்துவிட்டதை எப்படி உறுதி செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பெரிய எலிக்குச் செய்வதையேதான் பிங்கிக்கும் செய்கிறோம் என்று சொன்னால், அந்தப் பண்ணையில் பிங்கி வாங்க வேண்டாம்.